உறவின்போது வலி, ஆன்லைன் தெரபி உதவுமா?

மழைத்துளி:
கல்யாணமாகி இரண்டு வருடம். இதுவரை ஒருமுறைகூட முழுதாக உறவு வைத்துக்கொள்ள முடியவில்லை. ஆசை இருக்கிறது, ஆனால் அந்த நேரம் வந்தாலே உடம்பு தானாக இறுகிவிடுகிறது, மீறி முயன்றால் எரிச்சலும் வலியும்தான். கணவர் ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை, அதுவே எனக்கு இன்னும் குற்ற உணர்ச்சி. நேரில் ஒருவர் முன்னால் உட்கார்ந்து இதைச் சொல்ல வாய் வராது. வீடியோ காலில் செக்ஸ் தெரபி எடுக்கலாமா? என்னதான் செய்வார்கள்?

தூரத்துமேகம்:
நான் எடுத்தேன், தோழி. எனக்கு வஜினிஸ்மஸ். நாம் வேண்டுமென்று இறுக்குவதில்லை, வலிக்கப்போகிறது என்ற பயத்தில் இடுப்புத்தளத் தசைகள் தாமாகவே மூடிக்கொள்கின்றன, தூசி பறந்து வந்தால் இமை மூடுமே அப்படி. முதல் இரண்டு செஷன் கேமராவை அணைத்துவிட்டுத்தான் பேசினேன். உடையைக் களையும் வேலையே இதில் கிடையாது, யாராவது அப்படிக் கேட்டால் உடனே அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பேச்சு வாரத்துக்கு ஒரு மணி நேரம், மற்றதெல்லாம் வீட்டில் நாமே செய்வது: மூச்சுப்பயிற்சி, தசையை இறுக்கித் தளர்த்துவது, அப்புறம் விரல் நுனி, பிறகு மிகச் சிறிய டைலேட்டர் (தசை பழகுவதற்காகப் பெண்ணுறுப்பில் மெல்ல நுழைக்கும் வழவழப்பான குழல் போன்ற கருவி). அதுவரை உறவுக்கு முயலவே கூடாது, கணவரோடு தொடுதல் மட்டும் என்றார் தெரபிஸ்ட். மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் இருவரும் 1970-லேயே எழுதிவைத்த முறையாம். அந்தத் தடை போட்ட அன்றுதான் பல மாதங்களுக்குப் பிறகு பயமில்லாமல் படுத்தேன்.

இளந்தென்றல்:
நான் பிசியோதெரபிஸ்ட். ஆன்லைனில் நன்றாகவே பலன் கிடைக்கும், ஆனால் அதற்கு முன் ஒரு தடவை கைனகாலஜிஸ்டை நேரில் பார்த்துவிடுங்கள். வலி என்றதும் எல்லாம் மனசு என்று ஒதுக்குவது எனக்குக் கோபத்தைத் தரும். தொற்று, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), தோல் பிரச்சினை எதுவாகவும் இருக்கலாம், தாய்ப்பால் கொடுக்கும்போதும் மாதவிடாய் நின்ற பிறகும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்து வறட்சியால் வலிக்கும். சில மனச்சோர்வு மாத்திரைகள் ஆசையையே குறைத்துவிடும். இதையெல்லாம் திரை வழியாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பரிசோதனையின்போது நிறுத்துங்கள் என்றால் அவர்கள் நிறுத்தியே ஆக வேண்டும், உள்ளே நுழைத்துப் பார்க்கும் கருவி வேண்டாம் என்றும் சொல்லலாம்.

மழைத்துளி:
படித்துவிட்டு அழுதுவிட்டேன். சரி, டாக்டரைப் பார்க்கிறேன். ஆனால் எப்படி ஆரம்பிப்பது?

தூரத்துமேகம்:
பேச வேண்டாம். மேலே முதலில் எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே போனில் காட்டுங்கள். நானும் எழுதித்தான் நீட்டினேன்.