சர்க்கரை ஏறாத காலை டிபன் சொல்லுங்களேன்

வணக்கம் தோழிகளே. பெரம்பூரில் இருக்கிறேன், ஏழாம் மாதம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த டெஸ்டில் 158 வந்தது. 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரையாம். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை, அதனால் வருவது. ஊசி இப்போது வேண்டாம், சாப்பாட்டில் பார்ப்போம் என்றார் டாக்டர். வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் இருக்க வேண்டும்.

மதியம் சமாளித்துவிடுகிறேன். ஒரு கப் சாதம், நிறைய கீரை, அவரைக்காய்ப் பொரியல், மீன். காலைதான் தகராறு. மூன்று இட்லிக்கே 150 காட்டுகிறது மெஷின். கேழ்வரகு நல்லது என்று அத்தை கூழ் காய்ச்சிக் கொடுத்தார், அதற்கும் ஏறியது. மாவாக அரைத்துக் கூழாக்கினால் சீக்கிரம் செரித்துவிடுகிறது போல. அடையும் முட்டையும் சாப்பிட்ட அன்று மட்டும் 114. அதற்காகத் தினமும் அடையா?

இதைக் கடந்து வந்தவர்கள் காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? ஆபீசுக்கு ரயில் பிடிக்க வேண்டும், சட்டென்று ஆகிற மாதிரி சொல்லுங்கள். பிரசவம் ஆகி ஆறு வாரத்துக்குப் பிறகு மறுபடி டெஸ்ட் உண்டு, பிற்காலத்தில் டைப் 2 சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் அதிகம் என்கிறார்கள். நார்மலுக்கு வந்த பிறகும் இதே சாப்பாட்டைத் தொடர்ந்தீர்களா?

அப்புறம், "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்மா" என்று தட்டு நிறைய மாம்பழம் நறுக்கி நீட்டும் அத்தையிடம் மனம் நோகாமல் எப்படி மறுப்பது? பாகற்காய் ஜூஸ் வைத்தியம் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.