கொமீயாவா, கொமெரீயாவா? ஸ்பானிஷ் வினையில் ஒரு சந்தேகம்

கேள்வி:
வணக்கம். ஐந்து மாதமாக ஸ்பானிஷ் படித்து வருகிறேன். 'நேரம் இருந்தால் உன்னோடு சாப்பிடுவேன்' என்பதை எழுதச் சொன்னார்கள். 'சி தெந்த்ரீயா தியெம்போ, கொமீயா கொந்தீகோ' என்று எழுதினேன். இரண்டு வினைகளின் கீழும் சிவப்புக் கோடு! 'பேசு' என்னும் 'அப்லார்' வந்தால் 'அப்லரீயா' என்று சரியாக எழுதிவிடுகிறேன். 'சாப்பிடு' என்னும் 'கொமேர்', 'வாழ்' என்னும் 'பிபிர்' வந்தால்தான் தடுமாற்றம். எங்கே தவறுகிறேன்?

பதில்:
தம்பி, கொமேர் என்பதன் 'ஏர்' என்ற வாலை வெட்டிவிட்டீர்கள், அதுதான் தவறு. 'இருந்தால் செய்வேன்' என்பதில் 'செய்வேன்' போல வருவது நிபந்தனை வடிவம்; ஒழுங்கான வினைகளில் அதற்காக எதையும் வெட்டக் கூடாது. அகராதியில் உள்ள முழுச் சொல்லோடு, நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் ஈயா, ஈயாஸ், ஈயா, ஈயாமோஸ், ஈயாய்ஸ், ஈயான் என்று ஒட்டுங்கள். ஆர், ஏர், இர் என எதில் முடிந்தாலும் இதே ஆறுதான்: அப்லரீயா, கொமெரீயா, பிபிரீயா.

வாலை வெட்டி ஒட்டினால் 'கொமீயா', அதாவது 'சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்' என்ற இறந்தகாலம் ஆகிவிடும். அப்லாருக்கு அந்த இறந்தகாலம் 'அப்லாபா'. அதில் ஈயாவே இல்லாததால்தான் நீங்கள் அங்கே குழம்பவில்லை. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஈயாவுக்கு முன் ரகரம் கேட்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று. இந்த ஈயா, 'அபேர்' என்ற துணைவினையின் இறந்தகாலமான 'அபீயா' தேய்ந்து வந்தது. நம் 'வந்துவிட்டேன்' என்பதில் 'விடு' ஒட்டி நிற்கிறதே, அப்படித்தான். முழு வினைச்சொல் அப்படியே நிற்பதன் காரணமும் இதுவே.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா, ரகரம் இனி மறக்காது. ஆனால் 'தெந்த்ரீயா'வில் ரகரம் இருக்கிறதே, அதற்கு ஏன் கோடு?

இன்னொருவர் பதில்:
வடிவம் சரி, இடம்தான் தவறு. 'வைத்திரு' என்னும் 'தெனேர்' ஒழுங்கற்ற வினை, முழுச் சொல் அப்படியே நிற்காது, ஆகவே 'தெந்த்ரீயா' என்பது சரியான வடிவமே. ஆனால் 'இருந்தால்' என்பதில் உள்ள 'ஆல்' போன்ற 'சி' வந்த பகுதிக்குள் இந்த வடிவம் வரக் கூடாது. 'இருந்தால்' என்ற இடத்தில் தெனேரின் இன்னொரு வடிவமான 'துபியேரா', 'சாப்பிடுவேன்' என்ற இடத்தில் மட்டும் ஈயா. ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் பகுதியிலும் பூர்கோஸ் பக்கத்திலும் பேச்சில் 'சி தெந்த்ரீயா' என்பதைக் கேட்கலாம். தேர்வில் அது பிழைதான்.

தமிழில் 'சாப்பிடுவேன்' என்பதே எதிர்காலத்துக்கும் நிபந்தனைக்கும் பொதுவாக இருப்பதால் நமக்கு இது வழுக்கும். ஆனால் ஓரிடத்தில் தமிழ் கைகொடுக்கிறது. 'அப்போது மணி பத்து இருக்கும்' என்று ஊகமாகச் சொல்கிறோமே, ஸ்பானிஷில் அதற்கும் இதே வடிவம்தான்: 'செரீயான் லாஸ் தியெஸ்'.

கேட்டவர்:
திருத்தி எழுதினேன்: 'சி துபியேரா தியெம்போ, கொமெரீயா கொந்தீகோ.' சரியா?

பதில்:
சரி. ஈயாவை ஸ்பானிஷில் எழுதும்போது வரும் 'i' எழுத்தின் மேலுள்ள சாய்கோட்டை விட்டுவிடாதீர்கள் தம்பி, ஆறு வடிவங்களிலும் அது உண்டு.