துனியில் துணி: பந்துக்கு ஒன்றா, மூன்றுக்கு ஒன்றா?

துருப்புக்கை:
பெரியவர்கள் மட்டும் கூடும் இரவுக்கு, தோற்றவர் உடுப்பு ஒன்றைக் கழற்றும் அபராத ஆட்டம் வேண்டும் என்று இந்த மன்றத்தின் பக்கத்து இழையில் கேட்டிருந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், துனி என்ற சீட்டாட்டம் தெரியாத இந்திய வீடு குறைவு. 24 சீட்டு, நான்கு பேர், இரண்டு அணி, புள்ளிக்குப் பெயர் பந்து, முதலில் 12 பந்து எடுக்கும் அணிக்கு வெற்றி. புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டியதில்லை, அபராதத்தை மட்டும் ஒட்டினால் போதும். ஆனால் பந்துக்கு ஒரு உடுப்பு என்று வைக்காதீர்கள். ஒரு கையின் ஆறு பிடியையும் எடுப்பேன் என்று சவால் விடுவதற்கும் துனி என்றுதான் பெயர்; அப்படித் துனி சொல்லி எடுக்க முடியாமல் போனால் எதிரணிக்கு ஒரே கையில் 4 பந்து போகும். கேட்ட இனத்துச் சீட்டு கையில் இருந்தும் போடாமல் மாட்டிக்கொண்டாலும் அதே 4. ஐந்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும்.

என் விதி: ஆளுக்கு ஆறு உடுப்பு. எதிரணியின் கணக்கு 3, 6, 9, 12 பந்தைத் தொடும்போது தலைக்கு ஒன்று. எவ்வளவு மோசமாகத் தோற்றாலும் நான்குதான் போகும், இரண்டு மிஞ்சும். வென்ற அணியும் 11 பந்து வரை விட்டிருக்கலாம் என்பதால் அவர்களும் மூன்று வரை இழப்பார்கள். ஒரு பக்கம் முழுக்க உடுத்தியும் மறுபக்கம் கூசிக்கொண்டும் உட்காரும் நிலை அடிக்கடி வராது.

கறிவேப்பிலை:
கணக்கு சரி அண்ணா, ஆட்டம் தவறு. துனி ஜோடி ஆட்டம். கூட்டாளி தப்பாகத் துருப்பு வைத்தால் அடுத்தவர் ஏன் கழற்ற வேண்டும்? அதோடு சின்ன வயதிலிருந்து ஆடுகிறவர் சீட்டைக் கையில் எடுத்ததும் கணக்குப் போட்டுவிடுவார், புதிதாக வந்த மருமகள் ஒவ்வொரு கையிலும் தோற்பாள். திறமை குறைந்தவரை உரிப்பதை விளையாட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பகடை உருட்டுங்கள். அதற்கு முகம் பார்க்கத் தெரியாது.

துருப்புக்கை:
பகடையும் கருணை காட்டாது அக்கா. ஆறு பேர், சுற்றுக்கு ஒருவர் தோற்பார், 12 சுற்று என்று வையுங்கள். சராசரி தலைக்கு இரண்டுதான். ஆனால் யாராவது ஒருவர் ஐந்தோ அதற்கு மேலோ தோற்பது ஏறக்குறைய ஐந்து இரவில் ஒரு இரவு நடக்கும். ஒன்றுமே கழற்றாமல் ஒருவராவது தப்புவது பாதிக்கு மேற்பட்ட இரவுகளில் நடக்கும். அந்த இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தால் சிரிப்பு நின்றுபோகும்.

கறிவேப்பிலை:
ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மருந்து உண்டு: தோற்றவர் அடுத்த இரண்டு சுற்றுக்குப் பகடைக்கு வெளியே. அப்படியானால் 12 சுற்றில் எவரும் நான்குக்கு மேல் தோற்கவே முடியாது. கூட்டாளி என்ற தொல்லையும் கிடையாது.

சேலைமடிப்பு:
இருவரும் உடுப்பை எண்ணுவதில் கோட்டைவிடுகிறீர்கள். ஆண் வேட்டி சட்டையில் வந்தால் இரண்டு. பெண் சேலையில் வந்தால் சேலை, ரவிக்கை, பாவாடை என்று மூன்று. எல்லோருக்கும் ஆறு என்று சமமாக்க அவருக்கு நான்கு, இவளுக்கு மூன்று கூட்டிக் கொடுப்பீர்கள். நான்கு தோற்றால் அவர் வேட்டி சட்டையோடு உட்கார்ந்திருப்பார், இவள் சேலை இல்லாமல் நிற்பாள். எண்ணிக்கை சமம், நிலைமை சமமில்லை.

கூடையிலிருந்து கொடுப்பதைத்தான் சமமாக்க வேண்டும். தொப்பி, சால்வை, கழுத்துப்பட்டை, கையுறை என்று தலைக்கு நான்கு. ஒரு ஜோடிக் கையுறை ஒன்றாகவே எண்ணப்படும், இடது வலது என்று பிரித்து ஏமாற்றக்கூடாது. நான்கு கொடுத்தால் எவ்வளவு தோற்றவரும் வந்த உடையோடு வீடு போவார். இரண்டாகக் குறைத்தால் சூடு ஏறும். எவ்வளவு சூடு என்பதைக் கூடைதான் தீர்மானிக்கிறது, சீட்டோ பகடையோ இல்லை. உள்ளாடை கணக்கில் வராது. தாலி, மெட்டி, மூக்குத்தி எதையும் தொடக்கூடாது. எதைக் கழற்றுவது என்பதைத் தோற்றவரே சொல்வார், வென்றவர் கை காட்டக்கூடாது.

மேசைவிளக்கு:
நீங்கள் எல்லோரும் எப்படிக் கழற்றுவது என்று பேசுகிறீர்கள். கூட்டத்தில் "முடியாது" என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று யாரும் பேசவில்லை. கணவன் சிரித்துக்கொண்டிருக்கும்போது மனைவி எப்படி எழுந்து போவாள்? அபராதத்தைத் தலைகீழாக வையுங்கள்: தோற்றவர் கூடையிலிருந்து ஒன்றை உடுத்த வேண்டும். அத்தையின் நைட்டி, மழைக்கோட்டு, நீச்சல் கண்ணாடி, பாவாடை மேல் பாவாடை. டிசம்பர் மாதத்து டர்பன் புழுக்கத்தில் அதுவே போதிய தண்டனை.

கறிவேப்பிலை:
உடுத்தும் ஆட்டம் நல்ல ஆட்டம்தான், ஆனால் கேட்டவர்களின் ஆசை அது இல்லையே. முடியாது என்பதை எளிதாக்கலாம். ஆட்டத்துக்கு முன்பே தலைக்கு மூன்று சோழி கொடுங்கள். கழற்ற விருப்பமில்லாதவர் ஒரு சோழியை மேசையில் வைத்துவிட்டுப் பாட்டுப் பாடலாம். ஏன் என்று கேட்பவர் தன் சோழி ஒன்றை இழப்பார். சோழி தீர்ந்த பிறகும் "போதும்" என்றால் போதும்தான்.

மேசைவிளக்கு:
மூன்று போதாது, எண்ணி வைத்தாலே கெஞ்ச வைக்கிறோம். கிண்ணம் நிறையச் சோழி வையுங்கள். இரண்டு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒன்று, குடி. போதையில் முடிவெடுக்கும் திறன் கெட்டவரின் சம்மதத்தை நம் தென்னாப்பிரிக்காவின் 2007ஆம் ஆண்டுப் பாலியல் குற்றங்கள் சட்டம் சம்மதமாகவே ஏற்பதில்லை. குடித்து ஆடுகிற இரவில் அபராதத்தை எடுத்துவிடுங்கள். இரண்டு, போன். எல்லாம் அணைக்கப்பட்டு வேறு அறையில் இருக்க வேண்டும். ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் சம்மதமில்லாமல் வாட்ஸ்அப்பில் அனுப்புவது 2020ஆம் ஆண்டின் 19ஆம் எண் சைபர் குற்றச் சட்டத்தில் 16ஆம் பிரிவின்படி குற்றம். விளையாட்டுக்கு எடுத்தேன் என்பது அங்கே எடுபடாது.

துருப்புக்கை:
கிண்ணம், கூடை, போன் மூன்றையும் ஏற்கிறேன். சீட்டை மட்டும் விடமாட்டேன். கூட்டாளிச் சிக்கலுக்கு, ஒவ்வொரு 3 பந்துக்கும் ஜோடியை மாற்றி உட்காருங்கள், அபராதக் கணக்கைத் தனித்தனியே எழுதுங்கள்.

கறிவேப்பிலை:
ஜோடி மாறினால் 12 பந்து யாருடையது அண்ணா? அதைச் சொல்லுங்கள், பிறகு பகடையைக் கீழே வைக்கிறேன்.