டிசிபிஐபி நிறம் மாறவே மாட்டேங்குது, உதவி தேவை (அவசரம்)

பாசிக்குளம்: கீரையிலிருந்து தைலகாய்டு (ஒளிச்சேர்க்கை நடக்கும் சவ்வு) பிரித்து ஹில் வினை (வெளிச்சத்தில் நீர் பிளந்து வரும் எலக்ட்ரானைச் சாயத்துக்குக் கொடுக்கும் சோதனை) போட்டேன். சாயமான டிசிபிஐபி எலக்ட்ரான் வாங்கினால் நிறம் போகணும், ஆனால் நீலம் அப்படியே நிற்கிறது. 600 நேனோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 0.84, பத்து நிமிடம் வெளிச்சத்தில் வைத்தும் 0.83. வழக்கமான முறைதான். நாளை மதியம் செய்து காட்டணும்.

கியூவெட்காரன்: என்ன கீரை? பஃபர் என்ன, பிஎச் எவ்வளவு? குளோரோபில் எவ்வளவு போட்டீங்க? அரைத்ததிலிருந்து ஐஸிலேயே இருந்ததா?

களைக்கொல்லி: கியூவெட்டில் (அளக்கும் குழாய்) பழைய டிசிஎம்யூ களைக்கொல்லி ஒட்டியிருக்கும். நீரைப் பிளக்கும் ஒளியமைப்பு IIஇன் டி1 புரதத்தில், எலக்ட்ரானைச் சுமக்கும் பிளாஸ்டோகுவினோன் வந்து உட்காரும் கியூபி குழியை அது அடைத்துக்கொள்ளும், மைக்ரோமோலார் அளவே போதும். எத்தனாலில் நன்றாக அலசிப் பாருங்க.

முதுநிலை: "வழக்கமான முறை" என்று உலகத்தில் எதுவும் கிடையாது தம்பி. முதலில் கேள்வி கேட்கப் பழகுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: அரைக்கும்போது போட்ட அஸ்கார்பேட் (வைட்டமின் சி) மிச்சமிருந்தால் அதுவே எலக்ட்ரான் கொடுத்து இருட்டிலேயே நிறம் போயிருக்கும். ஆக அது இல்லை.

பாசிக்குளம்: மன்னிக்கணும் ஐயா. பாலக்கீரை. சுக்ரோஸ் 0.4 மோலார் போட்ட டிரைசினில் அரைத்தேன், டிரிஸ்ஸில் கழுவினேன். குளோரோபில் மில்லிக்கு 15 மைக்ரோகிராம். முழுக்க ஐஸ்.

கொடிப்பசலை: பாலக்கா? சந்தையில் அந்தப் பேரில் கட்டிக் கொடுப்பது பல இடத்தில் பீட்ரூட் இனம். ஸ்பினாச்சே இல்லை.

கியூவெட்காரன்: பீட் இலையிலும் தைலகாய்டு நன்றாகவே வேலை செய்யும். "பசலை" என்று பாடப்புத்தகத்தில் பார்த்துவிட்டு உங்க கொடிப்பசலையை வாங்கி அரைத்தால்தான் வழவழவென்று கூழாகி வடிகட்டவே வராது.

கொடிப்பசலை: நான் அதை அரைக்கச் சொல்லவே இல்லையே!

உப்புக்கல்: கீரைச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். 1 மோலார் சோடியம் குளோரைடில் கழுவினால் ஒளியமைப்பு IIஇன் வெளிப்புரதங்களில் 23, 17 கிலோடால்டன் இரண்டு மட்டும் கழலும். கால்சியம் குளோரைடு 20 மில்லிமோலார் சேர்த்தால் ஓரளவு மீளும். அதைப் பாருங்க.

தைலம்: அவர் உப்பில் கழுவவில்லை, டிரிஸ்ஸில் கழுவியிருக்கார். செறிவைத்தான் இன்னும் சொல்லவில்லை. 0.8 மோலாருக்கு மேல், பிஎச் 8க்கு மேல் போனால் 33 கிலோடால்டன் பிஎஸ்பிஓ உட்பட மூன்று வெளிப்புரதமும் கழன்று மாங்கனீசும் போய்விடும். நீரைப் பிளப்பது மாங்கனீசு நான்கு, கால்சியம் ஒன்று சேர்ந்த கொத்து. டி1இன் 170ஆம் அஸ்பார்டேட், 332ஆம் ஹிஸ்டிடின் போன்றவையும் சிபி43 புரதத்தின் 354ஆம் குளுட்டமேட்டும் அதைப் பிடித்திருக்கின்றன. பிஎஸ்பிஓ மேலே மூடி மாதிரி. மூடி போனால் நீரைப் பிளக்க ஆளில்லை. ஆனால் ஒளியை வாங்கி எலக்ட்ரானைத் தள்ளும் வினை மையம் உயிரோடுதான் இருக்கும்.

சோதிக்க வழி: டைஃபினைல்கார்பசைடு (டிபிசி) 50 மில்லிமோலார் எத்தனாலில் புதிதாகக் கரையுங்க. 3 மில்லி கலவைக்கு 30 மைக்ரோலிட்டர், அதாவது 0.5 மில்லிமோலார். இது நீருக்குப் பதிலாக எலக்ட்ரான் கொடுக்கும். மூன்று குழாய்: டிபிசி இல்லாமல், டிபிசியோடு, டிபிசியோடு டிசிஎம்யூ 10 மைக்ரோமோலார். இரண்டாவதில் மட்டும் நிறம் இறங்கினால் நீர்ப்பிளப்புப் பக்கம்தான் கோளாறு. இரண்டாவதும் அசையாவிட்டால் களைக்கொல்லி சொன்னதைப் பாருங்க. டிபிசி போட்ட ஒரு குழாயைத் தாளில் சுற்றி இருட்டிலும் வையுங்க.

முதுநிலை: 2011இல் வந்த ஒளியமைப்பு IIஇன் 1.9 ஆங்ஸ்ட்ரம் கட்டமைப்பு சயனோபாக்டீரியாவினுடையது. அதில் 23ம் 17ம் கிடையாது. கீரைக்கு அப்படியே ஒட்டவைக்க வேண்டாம்.

தைலம்: கொத்தைப் பிடிக்கும் அமினோ அமிலங்கள் இரண்டிலும் ஒன்றுதான் ஐயா. வெளிப்புரதத்தில்தான் வித்தியாசம்.

பாசிக்குளம்: டிபிசியோடு 5 நிமிடத்தில் 0.84லிருந்து 0.31. மற்ற இரண்டும் அசையலை, இருட்டிலும் அசையலை. பாட்டிலை இப்பத்தான் பார்த்தேன்: ஜெல்லுக்கு வைத்த 1.5 மோலார் டிரிஸ், பிஎச் 8.8. புதுசா அரைக்கிறேன்.

கொடிப்பசலை: இந்தத் தடவையாவது தண்டைப் பார்த்து வாங்குங்க.