மேலத்தெரு குடும்பம்: ராஜுவுக்கு அக்கி

மீனா, காலை 6:10
நேற்று இரவு முழுதும் இவர் வலப்பக்க விலா எரிகிறது என்றார். விடிந்து பார்த்தால் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். அக்கிதான். ஞாயிற்றுக்கிழமை மாமியார் திதி. என்ன செய்வது?

சரசு
ஐயோ ராஜு! கோயில் தெரு வேளாரிடம் அக்கி எழுதிக்கொள்ளலாமே.

மீனா
அவர் மகனோடு திருப்பூர் போய்விட்டாராம் அண்ணி.

செந்தில்
அம்மா, முதலில் டாக்டர்.

முரளி
அக்கி எழுதுவதை நான் குறை சொல்லவில்லை. சிறுவயதில் என் முதுகிலும் காவியால் சிங்கம் எழுதினார்கள். ஆனால் இது சின்னம்மைக் கிருமி. ராஜு மூன்றாம் வகுப்பில் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தானே, அன்று வந்த கிருமி போகவே இல்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சில் இத்தனை வருடம் உறங்கியிருக்கிறது. வயதாகி எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் ஒரு நரம்பின் வழியே வெளியே வருகிறது. அதனால்தான் ஒரே பக்கம், பட்டை போட்டதுபோல் வரும். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்க வேண்டும். தள்ளிப்போட்டால் கொப்புளம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் வலி நிற்கலாம். இன்றே போங்கள்.

செந்தில்
பெரியப்பா சொல்வது சரி. ஆட்டோ சொல்லிவிட்டேன்.

கவிதா
அப்பா, எனக்கு ஐந்தாம் மாதம். ஞாயிறு அங்கே வரலாமா?

முரளி
சின்னம்மை ஏற்கெனவே வந்திருந்தால் பயமில்லை. வராதவர்களுக்குக் கொப்புள நீர் பட்டால் சின்னம்மை வரலாம். கர்ப்பிணிக்கு அது ஆபத்து. உனக்கு வந்ததா என்று எனக்கு நினைவில்லை.

சரசு
வந்தது. ஒன்றாம் வகுப்பு அரைப்பரீட்சை சமயம். நீங்கள் மாற்றலில் வெளியூரில் இருந்தீர்கள் அண்ணா. நான்தான் பார்த்துக்கொண்டேன்.

கவிதா
அது தட்டம்மை என்று அம்மா சொல்வாளே அத்தை?

சரசு
உன் அம்மா அப்போது பிரசவத்துக்குப் போயிருந்தாள்.

செந்தில்
ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். வேனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். ரத்து செய்யவா?

முரளி
வேன் இருக்கட்டும். சரசு, உனக்காகத்தான் இதை எழுதுகிறேன். அக்கிக்குத் தடுப்பூசி இருக்கிறது. 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் வேல்ஸ் நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. ஸ்டான்ஃபோர்டின் பாஸ்கல் கெல்ட்செட்சர் குழு செய்தது. அங்கே 2013 செப்டம்பரில் அந்த ஊசியை ஆரம்பித்தபோது, 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான் என்று கோடு போட்டார்கள். ஒரு வாரம் முன்னால் பிறந்தவருக்குக் கிடையாது. ஒரு வார வித்தியாசத்தில் பிறந்தவர்களின் சாப்பாடோ படிப்போ மாறிவிடுமா? மாறியது ஊசி மட்டும்தான். 2,80,000 பேருக்கு மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தார்கள். ஏழு ஆண்டுகளில், ஊசி போட்டவர்களுக்கு மறதிநோய் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெண்களுக்குப் பலன் இன்னும் அதிகம்.

மீனா
டாக்டர் பார்த்துவிட்டார். அக்கியேதான். மாத்திரை ஒரு நாளைக்கு ஐந்து வேளை.

செந்தில்
அப்பா கஞ்சி குடித்தாரா?

மீனா
குடித்தார். மோர் கேட்கிறார்.

சரசு
அண்ணா, மறதிநோய் என்றால் அம்மாவுக்கு வந்ததுதானே?

முரளி
அதுதான். ஆனால் அங்கே போட்டது பழைய ஊசி. இப்போது நம் ஊரில் 50 வயதுக்கு மேல் போடுவது வேறு வகை. இரண்டு தவணை, இடையில் இரண்டு முதல் ஆறு மாதம். அக்கியை நன்றாகத் தடுக்கிறது. மறதிக்கும் உதவும் என்று உறுதியாகச் சொல்ல இன்னும் ஆய்வு வேண்டும். விலை அதிகம்.

சரசு
கடைசி மூன்று வருடம் அம்மா தினமும் காலையில் என்னை "யாரம்மா நீ" என்று கேட்டாள். நீங்கள் இருவரும் தீபாவளிக்கு வந்து போனீர்கள். விலை எவ்வளவானாலும் எனக்கு அந்த ஊசி வேண்டும்.

முரளி
சரசு, நான் பணம் தருகிறேன்.

ராஜு
நானும் பாதி தருகிறேன் அக்கா. இப்போது எரிச்சல் தாங்கவில்லை, பிறகு பேசுகிறேன்.

சரசு
நீ படுத்துக்கொள். சட்டை போடாதே, பழைய வேட்டித் துணியைத் தளர்வாகப் போர்த்திக்கொள்.

செந்தில்
திதியை யார் வீட்டில் வைப்பது? வேன்காரர் கேட்கிறார்.

கவிதா
நாளை ரத்தம் கொடுக்கிறேன். அதற்குப் பிறகு சொல்கிறேன்.

சரசு
வாழைக்காயும் இலையும் நான் வாங்கிவிடுகிறேன். எந்த வீடானாலும் அது வேண்டும்.