மறுமொழி: குளியலறை டிராப்புக்குத் தமிழில் என்ன? 'நீரடைப்பு' வேண்டாம், 'நீர்த்தாழ்' பாருங்கள்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

குளியலறையில் தண்ணீர் வடியாமல் நின்றால் வீட்டிலேயே என்ன செய்யலாம் என்று எங்கள் அடுக்ககத்துக்காக ஒரு சிறு கையேடு எழுதிவருகிறேன். அதில் 'டிராப்' (trap, சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் வராமல் தடுக்க வடிகுழாயில் வைக்கும் அமைப்பு) என்ற இடத்தில் எழுத்து நின்றுவிட்டது, அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. வந்த சொற்களைக் கையேட்டில் உண்மையாகவே போட்டு எழுதிப் பார்த்தேன். எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று சொல்கிறேன்.

> டிராப் என்றால் பொறிதானே. 'அங்கணப்பொறி' என்று வைத்துவிடலாம். அங்கணம் குறளிலேயே இருக்கும் சொல்.

அம்மா, அங்கணம் அருமையான சொல். 720ஆம் குறளில் இருக்கிறது. பாத்திரம் கழுவும் இடத்தை அங்கணக்குழி என்று சொல்லும் வீடுகள் தெற்கே இன்னும் உண்டு. எனக்கு இடிப்பது பொறிதான். பொறி என்றதும் எதையோ பிடித்து வைக்கும் சாதனம் என்று மனசு போய்விடுகிறது. முடியையும் குப்பையையும் பிடிப்பது மேலே இருக்கும் ஜாலியின், அதாவது ஓட்டை போட்ட மூடியின் வேலை. டிராப்பின் வேலை வேறு. குழாயை வளைத்து, அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்படி செய்கிறார்கள். குளிக்கும் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அந்தப் பக்கத்திலிருந்து வரும் சாக்கடைக் காற்றும் கரப்பானும் தண்ணீரைத் தாண்டி இந்தப் பக்கம் வர முடியாது. 1775இல் கழிப்பறைக்கு இப்படி வளைத்த குழாயோடு காப்புரிமை வாங்கிய அலெக்சாண்டர் கம்மிங் ஒரு கடிகாரக் கைவினைஞர். அவர் தடுக்க நினைத்தது நாற்றத்தை. ஆகவே பெயரில் இருக்க வேண்டியது தண்ணீர்.

> அப்படியானால் 'நீரடைப்பு' போதுமே. எளிமையாக இருக்கிறது.

இதுதான் முதலில் எல்லோருக்கும் பிடித்தது. எனக்கு இதில்தான் பெரிய பயம். நம் வீடுகளில் அடைப்பு என்றால் ஒரே பொருள்தான்: தண்ணீர் போகாமல் நிற்பது. 'அடைப்பு எடுக்க ஆள் வேணும்' என்றுதான் பிளம்பரைக் கூப்பிடுகிறோம். கையேட்டில் ஒரு பக்கம் 'அடைப்பை நீக்குங்கள்' என்றும், அடுத்த பக்கம் 'நீரடைப்பை நீக்காதீர்கள்' என்றும் எழுதினால் படிப்பவர் என்ன செய்வார்?

எங்கள் கட்டடத்தில் ஒரு வீட்டில் கிட்டத்தட்ட இதுவே நடந்தது. குளியலறைத் தண்ணீர் மெதுவாக வடிந்தது. ஜாலியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், அதைச் சுற்றித் தண்ணீர். இந்த வகை டிராப்பில் குழாய் வளைவின் வேலையை அந்தக் கிண்ணம்தான் செய்கிறது. 'இதுதான் அடைச்சுக்கிட்டிருக்கு' என்று கிண்ணத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார்கள். தண்ணீர் பிரமாதமாக ஓடியது. அப்புறம் நாற்றம், அதற்குப் பின்னால் கரப்பான். பினாயில் மாற்றி மாற்றி ஊற்றியும் போகவில்லை. கிண்ணத்தைக் கழுவித் திரும்ப மாட்டிய பிறகுதான் நின்றது. அங்கே நின்ற தண்ணீருக்கு ஒரு வேலை இருக்கிறது என்று சொல்ல அவர்களிடம் ஒரு சொல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

நாற்றத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்ககத்தில் 300 பேருக்கு மேல் சார்ஸ் தொற்றியபோது, குளியலறைத் தரையில் இருந்த டிராப்புகள் வறண்டு கிடந்ததும் பரவலுக்கு ஒரு வழியாகியிருக்கும் என்று விசாரணை சொன்னது. அங்கே தரையைக் கழுவிவிடாமல் துடைத்துவிடும் பழக்கம். அதனால் வளைவில் தண்ணீரே இல்லை.

> 'நீர்ப்பூட்டு'?

பொருள் சரி. ஆனால் கால்வாயில் படகை ஏற்றி இறக்கும் அமைப்புக்கும் பூட்டு என்றே எழுதுகிறார்கள். அதோடு, பூட்டு என்றால் சாவி வேண்டும், ஒருவர் திறக்க வேண்டும். இது யாரும் திறக்காமலே ஒரு பக்கம் வழிவிடுகிறது.

என் பரிந்துரை: நீர்த்தாழ்.

தாழ் என்றால் தாழ்ப்பாள். குறளில் 'அடைக்குந்தாழ்' என்று வருகிறதே, அதே தாழ்தான். கதவுக்கு இரும்புத் தாழ், குழாய்க்கு நீர்த்தாழ். உள்ளிருக்கும் நாம் போட்டுக்கொள்வது, வெளியே இருப்பது வராமல் தடுப்பது. குழாய் தாழ்ந்து போகும் இடத்தில்தான் அது இருக்கிறது என்பதும் கூடவே வந்துவிடுகிறது. அதில் நிற்கும் தண்ணீருக்குத் தனியாக ஒரு பெயர் வேண்டும். தாழ்நீர் என்று சொல்லலாம். தாழ்நீரின் ஆழம் பொதுவாக 50 மில்லிமீட்டர்.

வகைகளும் எளிதாகப் பிறக்கின்றன. குளியலறைத் தரையில் இருப்பது தரைத்தாழ். கடையில் இதை நானி டிராப் என்று கேட்கிறோம். மராத்தியில் குளிக்கும் இடத்துக்கான பெயர் அது. வாஷ்பேசினுக்குக் கீழே குப்பி வடிவில் தொங்குவது குப்பித்தாழ். பி, எஸ் எழுத்துகளின் பெயரில் இருப்பவை வளைதாழ். வீட்டுக்கு வெளியே சேம்பருக்கு (கழிவுக் குழாய்கள் வந்து சேரும் மூடிபோட்ட தொட்டிக்கு) முன்னால் இருக்கும் கல்லி டிராப், புறத்தாழ். அந்தக் 'கல்லி'யைக் கல்லோடு சேர்த்துப் புரிந்துகொள்ளும் குழப்பமும் இதோடு தீரும்.

அடைப்பு எடுக்கப் பயன்படும் பம்ப், ஸ்பிரிங் இரண்டுக்கும் உங்களில் சிலர் சொல் கேட்டிருந்தீர்கள். அவற்றுக்குச் சொல் தேடி நேரம் செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பிளம்பரும் வீட்டுக்காரரும் ஒரே பொருளில் புழங்குகிறார்கள், தப்பாகப் புரிந்துகொண்டு யாருக்கும் நஷ்டமும் இல்லை. டிராப் அப்படி இல்லை.

சரி, சொல் வாக்கியத்தில் எப்படி உட்காருகிறது என்று பாருங்கள். கையேட்டிலிருந்து ஒரு பகுதி:

"ஒரு குளியலறையில் மட்டும் தண்ணீர் மெதுவாக வடிந்தால் கோளாறு பெரும்பாலும் அங்கேயுள்ள தரைத்தாழில்தான். எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நின்றால் வெளியே சேம்பரைப் பார்க்க வேண்டும். ஜாலியைத் தூக்கி, உள்ளே இருக்கும் கிண்ணத்தைத் திருகி எடுங்கள். முடியும் சோப்புக் கசடும் சீயக்காய்த் தூளும் பின்னிச் சாம்பல் நிறத்தில் வழவழவென்று கிடக்கும். கையுறை போட்டுக்கொண்டு மேல்நோக்கி இழுங்கள், உள்ளே தள்ளாதீர்கள். போர் தண்ணீர் வீடுகளில் இது சீக்கிரம் சேரும். அந்தத் தண்ணீரின் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகின்றன. கிண்ணத்தை மாட்டிய பிறகு தரைத்தாழில் தண்ணீர் நிற்கும். அது அடைப்பு அல்ல, தாழ்நீர். அது நின்றாக வேண்டும்.

கொதிக்கும் தண்ணீர் ஊற்றாதீர்கள். பிவிசி குழாய் 80 டிகிரியை நெருங்கும்போதே இளகும். கை பொறுக்கும் சூடு போதும். எண்ணெய்க் குளியல் நாளில் அதுவே நல்லது, ஏனென்றால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். அடைப்பு நீக்கும் தூளில் இருப்பது காஸ்டிக் சோடா. அதைப் போட்ட இடத்தில் ஆசிட் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கு ஆபத்து."

மேலும் கருத்துகள் இருந்தால் எழுதுங்கள்.

---

> ஐயா, 'நீர்த்தாழ்' எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு தடங்கல். தாழ் + ஐ = தாழை. 'தாழைக் கழுவு' என்று யாராவது எழுதினால் தாழம்பூச் செடி ஞாபகம் வரும். 'நீர்த்தாழ்ப்பாள்' என்றே நீட்டிவிட்டால் என்ன? இன்னொன்று: ஊருக்குப் போய்விட்டு வந்தால் எங்கள் வீட்டில் நாற்றம் அடிக்கிறது. அதற்கும் இந்தச் சொல் உதவுமா?

தம்பி, நல்ல கேள்வி. 'நீர்த்தாழ்ப்பாள்' என்றால் பெயர்ப்பலகைக்குச் சரி, வாய்க்கு நீளம். பிளம்பர் சொல்ல மாட்டார், அவர் சொல்லாத சொல் ஏட்டோடு நின்றுவிடும். 'நீர்த்தாழைக் கழுவு' என்று முன்னொட்டோடு வரும்போது தாழம்பூ யாருக்கும் நினைவுக்கு வராது. வெறும் 'தாழ்' என்று சுருக்கி எழுதும் இடங்களில் மட்டும் 'தாழினை' என்று போட்டுக்கொள்ளலாம். கையேட்டில் அப்படியே திருத்திவிடுகிறேன்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: உங்கள் வீட்டில் தாழ்நீர் வற்றிவிடுகிறது. ஆள் புழங்காத குளியலறையில் நாள்பட்டால் ஆவியாகிப் போய்விடும். கிளம்பும்போது ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும். திரும்பி வந்ததும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினாலே தாழ் விழுந்துவிடும். புழங்கும் குளியலறையிலேயே அடிக்கடி வற்றுகிறது, கூடவே களக் களக் என்று சத்தமும் வருகிறது என்றால் அது வேறு கதை: கழிவுக் குழாய்க்குள் காற்றை விடும் மேல் குழாய் அடைத்திருக்கலாம். வேகமாக இறங்கும் தண்ணீர் தாழ்நீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போகிறது. அதற்குப் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

வாஷ்பேசினுக்குக் கீழேயும் ஒரு தடவை குனிந்து பாருங்கள். சுருங்கி விரியும் பிளாஸ்டிக் குழாயை நேராகத் தரை ஓட்டைக்குள் செருகியிருந்தால், அங்கே குப்பித்தாழே இல்லை என்று பொருள். தரைக்குள் போன பிறகாவது ஒரு தாழ் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் ஒன்று வாங்கி மாட்ட வேண்டியதுதான்.

சேம்பர் பற்றி எழுதும் பக்கத்தில் ஒரு வரியைத் தடித்த எழுத்தில் போடப்போகிறேன்: கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ சாக்கடைக் குழிக்குள்ளோ பாதுகாப்புக் கருவிகளும் முன்னெச்சரிக்கையும் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எவ்வளவு அவசரம் என்றாலும் இயந்திரம்தான். அந்தப் பக்கத்துக்குப் புதுச் சொல் எதுவும் தேவைப்படவில்லை.

வேறு மறுப்பு இல்லையென்றால் நீர்த்தாழ், தாழ்நீர், தரைத்தாழ், குப்பித்தாழ், வளைதாழ், புறத்தாழ் ஆறையும் விளக்கத்தோடு தமிழ்நாடு அரசின் கலைச்சொல் தொகுப்பான சொற்குவைக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். ஞாயிறு வரை பார்க்கிறேன். புறத்தாழைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் அதற்குள் சொல்லுங்கள். ஆறில் எனக்கு முழுத் திருப்தி தராதது அது ஒன்றுதான்.