பிரவுசிங்: 'தழைமேய்ச்சல்' பொருந்துமா?

வணக்கம்.

விலங்கு தரையில் புல் தின்பது கிரேசிங் (grazing); புதரிலும் மரக்கிளையிலும் தழை தின்பது பிரவுசிங் (browsing). இரண்டையுமே 'மேய்ச்சல்' என்று எழுதிவருகிறோம். ஆடுகளின் குடற்புழு பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்க்கும்போது இதில் மாட்டிக்கொண்டேன். புழுவின் இளம்பருவம் பெரும்பாலும் புல்லின் அடிப்பகுதியில்தான் இருக்கும். அதனால் தரையோடு புல் மேயும் ஆட்டைவிட, புதரிலும் கிளையிலும் தழை கடிக்கும் ஆட்டுக்குத் தொற்று குறைவு. இதை இருக்கிற சொல்லை வைத்து எழுதினால் 'மேய்ச்சலைக் குறைத்து மேய்ச்சலைக் கூட்டுங்கள்' என்று வந்து நிற்கிறது!

பிரவுசிங்குக்கு 'உலாவுண்ணல்' என்று வந்த பரிந்துரையை ஏற்க மனம் வரவில்லை. அது இணைய உலாவியிலிருந்து (பிரவுசர்) பிறந்த சொல். ஆங்கிலத்திலேயே 'பிரவுஸ்' என்பது முதலில் விலங்கு தின்னும் இளந்தளிர்தான். புத்தகம் புரட்டுவதும் இணையத்தில் உலாவுவதும் பின்னால் வந்த பொருள்கள். ஆட்டிடமிருந்து கணினிக்குப் போன சொல்லைக் கணினி வழியாகத் திரும்ப ஆட்டுக்குக் கொண்டுவர வேண்டாமே.

தின்னும் விதத்தைப் பாருங்கள். மாடு நாக்கால் புல்லை வளைத்துப் பிடித்து, தலையை ஆட்டி இழுத்து அறுக்கும். வெள்ளாடு பின்னங்காலில் எழுந்து, முன்னங்காலைக் கிளையில் ஊன்றி, மேலுதட்டை விரல்போல நீட்டி முள்ளுக்கு நடுவே இருக்கும் இலையை மட்டும் பறித்தெடுக்கும். இந்தச் செயலை நினைத்துத்தான் முதலில் 'தழைகறித்தல்' என்று எழுதினேன். கறித்தல் என்றால் கடித்துத் தின்னுதல்; நல்ல பழஞ்சொல். ஆனால் ஆட்டுக்குப் பக்கத்தில் 'கறி' வந்தால் படிப்பவர் மனம் வேறெங்கோ போய்விடும்.

சரி, மேய்தலையே எடுத்துக்கொள்வோம். அது புல்லுக்கு மட்டும் உரிய சொல் இல்லை. கோழியும் மேய்கிறது, வாத்தும் மேய்கிறது. ஆகவே மேய்ச்சல் பொதுச்சொல்லாக இருக்கட்டும்; அதற்குள் புல்மேய்ச்சல், தழைமேய்ச்சல் என்று பிரிக்கலாம். மாடு புல்மேய்வி, ஒட்டகச்சிவிங்கி தழைமேய்வி. இரண்டையும் தின்னும் வெள்ளாட்டுக்கு இடைமேய்வி. இங்கே 'கலப்பு மேய்ச்சல்' வேண்டாம். பலவகைக் கால்நடைகளை ஒரே நிலத்தில் விடுவதற்கு அந்தச் சொல் தேவைப்படும்.

இன்னொன்று பாக்கி. ஆடுகள் தினமும் வந்துபோகும் மரத்தில், அவற்றுக்கு எட்டும் உயரம்வரை இலையே இருக்காது. அதற்குமேல் கத்தரித்துவிட்டதுபோல ஒரே மட்டத்தில் தழை நிற்கும். அந்த எல்லைக்குக் 'கடிமட்டம்' என்று குறித்து வைத்திருக்கிறேன். ஆடு மேய்ப்பவர்கள் பேச்சில் இதற்கு ஒரு சொல் இருந்தால் சொல்லுங்கள், அதையே வைத்துக்கொள்வோம்.